எதிரே வரும்போது பெட்டி என்னிடம்

"கொஞ்சம் சும்மா உட்காருங்க" என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்ட வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்கள். எனக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே கால் குறுகுறுக்கிறது. சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் பிழை திருத்திக் கண் தேய்ந்தவள் நான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிறேன். "ஒனக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்தாகளா, இல்ல கால்ல சக்கரம் மாட்டி விட்டாகளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

ஆகவே விமானம் விட ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். தெர்மோகோல் மாதிரி ஒரு பொருளில் செய்த சின்ன விமானம், மூக்கில் ஒரு விசிறி, வயிற்றுக்குள் ஒரு பேட்டரி. கையில் பிடித்துக்கொள்ள ஒரு பெட்டி, பெட்டியில் விரலால் தள்ளும் குச்சிகள். குச்சியைத் தள்ளினால் மேலே இருப்பது திரும்பும். இதை நான் செய்வது முதல் தடவை இல்லை. சின்ன வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் செய்திருக்கிறேன். நடுவில் ஒரு ஆயுள் போய்விட்டது.

மறுபடி தொட வைத்தது போன ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் தலைக்கு மேல் தலை. ஆற்று மணலில் நின்று ஒரு தம்பி டிரோன் விட்டுக் கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அது அவனை நோக்கித் திரும்பி வந்தது. அவனுக்கு இடது பக்கம் ஒரு மின்கம்பம். விலக்குவதாக நினைத்து அவன் குச்சியை வலது பக்கம் தள்ள, அது கம்பத்தை நோக்கியே போனது. "இடது தம்பி, குச்சிய இடது பக்கம் தள்ளு!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். அவன் தள்ளினான். தப்பித்தது.

"நீங்க டிரோன் ஓட்டுவீகளாம்மா?" என்று கேட்டான்.

"டிரோன் இல்லப்பா. ஏரோப்ளேன். ஒரு சீசன் ஓட்டுனேன்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இத்தனை வருடம் வேறு யாரோடோ குடும்பம் நடத்தியவர் மாதிரி விழித்தார்.

அந்தக் கோயிலில் வைத்து அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் இதே மாரியம்மன் உண்டியலில்தான் என் அம்மா என் கைக்காக ஒரு தகரக் கையைப் போட்டாள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குச் சிவகாசியில் காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷின் ஒன்று இருந்தது. வீட்டின் முன்கட்டுதான் அச்சாபீஸ். பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிப்போம். மை தடவி அடிக்கிற அச்சுப் பிளாக்கில் எல்லாம் இடம் வலமாக மாறித்தான் இருக்கும். எழுத்தும் அப்படி, கிளியின் மூக்கும் அப்படி. பள்ளிக்கூடத்தில் அ, ஆ படிப்பதற்கு முன்பே நான் பிளாக்கைப் பார்த்துப் படித்தவள். நேராக இருக்கும் எழுத்துதான் ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது.

சித்தப்பா, அதாவது அப்பாவின் கடைசித் தம்பி, மதுரையில் கல்லூரி படித்தவர். அங்கே என்.சி.சி.யில் மாடல் விமானம் விடக் கற்றுக்கொண்டார். படிப்பு முடிந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தார். காத்திருக்கிற மனிதருக்கு நகம் கடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒருநாள் மதுரைக்குப் போனவர் ஒரு பழைய பெட்டியையும் எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்ததாம். பெட்டியில் ஒரு ஏரியல் இருந்தது. இழுக்க இழுக்க நீண்டு என் உயரத்தைத் தாண்டிப் போகும். அதை இழுத்துவிடும் உரிமைக்காக நான் அவருடைய எந்த வேலைக்கும் தயாராக இருந்தேன்.

விமானம் எங்கள் ஊர்ச் சரக்கிலேயே பிறந்தது. தீக்குச்சி அறுக்கிற மெல்லிய மரப்பட்டையில் எலும்புக்கூடு. அதன்மேல் மைதாப் பசை தடவி ஒட்டியது அப்பா கழித்துப்போட்ட லேபிள் தாள். பச்சை மை ஒரு நூல் தள்ளி விழுந்ததால் தள்ளுபடியான கிளிப் படம். இரண்டு இறக்கையிலும் வரிசை வரிசையாகக் கிளிகள், ஒவ்வொன்றின் உடம்புக்கும் வெளியே ஒரு பச்சை நிழல். எஞ்சினுக்கு ஊற்றுவது ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்தது. அது எரியும்போது வரும் இனிப்பான காரவாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. புதிய விமானத்துக்கு வாடையே கிடையாது. அந்த ஒரு குறையை நான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஊருக்கு வெளியே வறண்ட கண்மாயில்தான் விடுவோம். நான் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி விட வேண்டும். சித்தப்பா பெட்டியைப் பிடிப்பார். விலகிப் போகிறவரை ராஜா மாதிரி ஓட்டுவார். திரும்பி எங்களை நோக்கி வரும்போதுதான் வினை. எதிரே வருகிற விமானத்துக்கு அதன் வலது நம்முடைய இடது. கல்லூரியில் பழகியதெல்லாம் நடுவில் விட்டுப்போனதில் அவர் விரலுக்கு மறந்துவிட்டது. விமானம் வர வர அவருக்கு வேர்க்கும். வலப்பக்கம் திருப்ப நினைத்துக் குச்சியையும் வலதுக்கே தள்ளுவார், அது இடப்பக்கம் போகும். கிளிகள் மூக்குக் குத்திப் புழுதியில் விழும். மறுபடி பசை, மறுபடி லேபிள்.

நான் பக்கத்தில் நின்று குதிப்பேன். "அங்கிட்டு சித்தப்பா! குச்சிய அங்கிட்டு!" எனக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. பிளாக்கைப் படிப்பது போலத்தான். ஒருநாள் வெறுத்துப்போய், "அப்ப நீயே புடி" என்று பெட்டியை என் கையில் திணித்துவிட்டார். அன்றைக்கு விமானம் விழவில்லை. என் தலைக்கு மேல் வந்து, கடந்து போனது. கடந்ததும் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. போகும்போது பெட்டி அவரிடம். எதிரே வரும்போது பெட்டி என்னிடம். ஒரு விமானத்தை இரண்டு பேர் பாதிப் பாதியாக ஓட்டிய கதையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. "வீட்ல சொல்லாத பாப்பா" என்றார். நானும் சொல்லவில்லை. பெரியவர் ஒருவருக்கு வராதது எனக்கு வருகிறது என்ற ரகசியமே போதும், அந்த வயதுக்கு.

கண்மாய்க்கரையைத் தாண்டி ஒரு பட்டாசு ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியே மேடை மேடையாக, வெடிமருந்து செலுத்திய பட்டாசுகளைக் காயப்போட்டிருப்பார்கள். நாங்கள் அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் எப்போதும் விடுவோம். அன்றைக்குக் காற்று மாறியது. விமானம் கரையைத் தாண்டிக் காயப்போட்ட மேடைகளுக்கு மேலே போய்விட்டது. எஞ்சின் கத்துகிறது. சித்தப்பா எப்படியோ அதைத் திருப்பி எங்களைப் பார்க்க வைத்து, "புடி, புடி" என்று பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

அதே நேரத்தில் அங்கே போர்மேன் சத்தம் போட்டார். "ஏலே, எல்லாரும் வெளிய வாங்க! போட்டது போட்டபடி வாங்க!" எங்கள் ஊரில் இந்தக் குரல் கேட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அறை அறையாகப் பெண்கள் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். கண்மாய்க்கரை முழுக்க ஆட்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்தார்.

இதற்குப் பிறகு என் நினைவில் ஒரு துண்டு இல்லை. பெட்டி என் கையில் இருந்தது. பிறகு இல்லை. நடுவில் நடந்ததை எத்தனையோ முறை துழாவியிருக்கிறேன், கிடைக்கவில்லை. அடுத்து ஞாபகம் இருப்பது ஆபீஸ் சுவரோரம் நின்ற வேப்பமரத்தில் கிளி இறக்கை தொங்கியதும், போர்மேன் ஈரச்சாக்கோடு ஓடியதும்.

மருந்து மேல் விழவில்லை. மரத்தில் மோதி மணலில் விழுந்திருந்தது. போர்மேன் அதன்மேல் சாக்கைப் போட்டு அமுக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுல இரும்பு இருக்கா?" என்பதுதான். மேடையில் இரும்பு உரசினால் பொறி வரும். ஆணி அடித்த செருப்பைக்கூட அந்த வாசலுக்குள் விடமாட்டார்கள். சித்தப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், சாக்கோடு தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிவிட்டார்கள். சூடான எஞ்சின் தண்ணீருக்குள் சீறியது. லேபிள் தாள் பசை விட்டுப் பிரிந்து, கிளிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன.

அன்றைக்கு அங்கே யாரும் மறுபடி மருந்தைத் தொடவில்லை. பயந்த கையோடு தொடக்கூடாது என்பார்கள். சாயங்காலம் போர்மேனும் இரண்டு பெரியவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முதலாளி போலீசுக்குப் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்கள். அச்சு மெஷின் நின்றது. அம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"விழும்போது பெட்டி யாரு கையில இருந்துச்சு?"

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா கையில, மதினி" என்றார்.

வந்தவர்களின் முகம் இளகியது. "சின்னப் பிள்ள. பொட்டப் பிள்ள. அது என்ன செய்யும்?" என்று எழுந்துவிட்டார்கள். போலீஸ் பேச்சு அதோடு போயிற்று. சித்தப்பாவுக்கு எழுதிப்போட்ட வேலை அடுத்த சில வாரத்தில் கிடைத்தது. ஒரு வழக்கு விழுந்திருந்தால் கிடைத்திருக்காது. இதெல்லாம் இப்போது கூட்டிப் பார்க்கத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தனை பெண்களும் வெறுங்காலோடு ஓடியது என் கையால்.

அடுத்த வெள்ளி அம்மா என்னை இருக்கன்குடிக்குக் கூட்டிப் போனாள். கால் வலிக்குக் கால் உரு, கண் வலிக்குக் கண் உரு வாங்கி உண்டியலில் போடுவோம் இல்லையா? அம்மா ஒரு கை உரு வாங்கினாள். மெல்லிய தகடு, ஐந்து விரல். என் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டு, "ஆத்தா, இவ கைய நீ பாத்துக்க" என்றாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் கை என்னை விடவே இல்லை. நான் சைக்கிள் பழகவில்லை. ஸ்கூட்டர் பழகவில்லை. காலண்டரில் பிழை தேடுவது ஒன்றுதான் கைக்கு ஆபத்தில்லாத வேலையாகத் தெரிந்தது. என் பிள்ளைகளைக்கூட நின்றுகொண்டு வாங்கியதில்லை. தரையில் உட்கார்ந்து, மடியை விரித்து, "இதுல படுக்க வைங்க" என்பேன். சொந்தக்காரர்களுக்குப் பழகிவிட்டது. நான் வந்தால் ஒரு பாயை விரித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கி வருவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

விருதுநகர்ப் பக்கம், சுற்றுவட்டாரத்தில் எந்த ஆபீஸும் இல்லாத கண்மாயாகத் தேடிப் பிடித்து, ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் விமானத்தைக் கையால் எறிந்து பறக்க விடுவார். முதல் சில நாட்கள் விமானம் நேரே சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் உட்கார்ந்தது. "இது வெளங்குனாப்லதான்" என்று முனகிக்கொண்டே அவர் முள்ளுக்குள் கை விடுவார். நான் டேப் ஒட்டுவேன். பேட்டரி சார்ஜ் ஏறும்வரை வீட்டில் நிலைகொள்ளாது. ஏறிவிட்டதா என்று பார்க்க எழுந்து எழுந்து போவேன்.

பிறகு ஒரு காலை. காற்று அடங்கியிருந்தது. விலகிப் போகும்போது தடுமாறிய விமானம், திரும்பி என்னை நோக்கி வந்தது. என் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. சரியான பக்கம். இன்னொரு தடவை திருப்பினேன். சரியான பக்கம். போகும்போது தப்பும் தவறுமாக ஓட்டுகிறவள், எதிரே வரும்போது மட்டும் பிசகவே இல்லை. எனக்குத் தெரிந்த பாதி அதுதானே. விமானத்தை இறக்கியதும் என் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு வருடம் சும்மா கிடந்த விரலே தப்பவில்லை என்றால், தினமும் பழகிய அந்த விரல் எப்படித் தப்பியிருக்கும்? அன்றைக்கு விமானத்தை விழவைத்தது நானா, இல்லையா? இந்தக் கேள்வியை அதுவரை நான் கேட்டதே இல்லை. கேட்ட பிறகு தூக்கம் போயிற்று. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம்.

சித்தப்பா சூலக்கரையில் மகனோடு இருக்கிறார். அரசாங்க ஆபீஸில் பெரிய பதவி வரை போய் ஓய்வு பெற்றவர். கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் மருமகள் என்னைக் கண்டதும் வழக்கம்போலப் பாயை விரித்தாள். "உக்காருங்க மதினி, பிள்ளையத் தாரேன்." உட்கார்ந்தேன். மடியில் குழந்தை. எதிரே நாற்காலியில் சித்தப்பா. மெலிந்துபோய், நகத்தைக் கடித்துக்கொண்டு. கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

"சித்தப்பா, நான் மறுபடி ஏரோப்ளேன் விடுறேன். நாளைக்குக் காலைல பாக்க வாரீகளா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கெதுக்கு தாயி அதெல்லாம்" என்றார். மறுநாள் காரோடு நாங்கள் போய் நின்றபோது, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

கண்மாயில் அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டோம். உட்காரவில்லை. என் தோளுக்கு ஒட்டி நின்றார். என் வீட்டுக்காரர் எறிந்துவிட்டார். விமானம் ஏறியது. "எம்புட்டு ஒசரம் போயிருச்சு" என்று சித்தப்பா சின்னப் பையன் குரலில் சொன்னார். நான் திருப்பினேன். எங்களை நோக்கி வந்தது. பக்கக் காற்று ஒன்று அடித்து, அதை எங்களுக்கு வலப்பக்கம் நின்ற முள்மரங்களை நோக்கித் தள்ளியது.

என் விரல் குச்சியை வலது பக்கம் தள்ளியது. எதிரே வருவதற்கு அதுதான் சரி. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு, மரம் இருக்கிற பக்கமே நான் தள்ளுவதாகத் தெரியும்.

அவர் கை வந்தது. பெட்டியைப் பிடுங்க, விரல்கள் விரிந்து, வேகமாக வந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஏரியலின் பளபளப்பு, கரை முழுக்க ஆட்கள், இதே பக்கத்திலிருந்து வந்து பெட்டியைப் பிடுங்கிய இதே கை. காணாமல் போன துண்டு வந்து ஒட்டிக்கொண்டது.

பெட்டியைத் தொடுவதற்கு முன் கை நின்றுவிட்டது. சித்தப்பா தன் வலது கையை இடது கையால் பிடித்துக் கீழே இழுத்தார். விமானம் முள்மரத்தை விட்டு விலகி எங்கள் தலைக்கு மேல் கடந்து போனது.

"அன்னைக்கு உங்கம்மா போட்ட கை..." என்றார். "அது எனக்குப் போட்டிருக்க வேண்டியது தாயி."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், இரக்கம் அப்போது வரவே இல்லை. ஓட்டாத சைக்கிள், நின்று தூக்காத என் பிள்ளைகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. ஆனால் விமானம் மேலே இருந்தது. திரும்பிக்கொண்டும் இருந்தது.

"பேசாதீக சித்தப்பா. எதிர வருது" என்றேன்.

விமானத்தை இறக்கும்வரை, பிடித்த கையை அவர் விடவில்லை.

திரும்பி வரும்போது காரில் நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அவர் வீட்டில் நுழைந்ததும் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாயை எடுத்து உதறினாள்.

"பாய் வேண்டாம்மா. இங்க குடு" என்றேன்.

அவள் மாமனாரைப் பார்த்தாள். "குடு" என்றார் அவர். நான் நின்றுகொண்டே இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். நல்ல கனம்.